கீழூரில் எட்டுப் பேர்

கீழூர் வாக்கெடுப்பைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "டீச்சர், அந்த எட்டுப் பேரு யாரு?" மற்ற நூற்றெழுபது பேரைப் பற்றி எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கீழூர் தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வில்லியனூருக்கு அப்பால் உள்ள சிற்றூர். அன்றைக்குப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஒரு நிலப்பகுதியை அங்குள்ள மக்களின் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டம் சொன்னது. வங்காளத்துச் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று பொதுமக்களே வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவெடுத்தார்கள். தெற்கே அப்படிப் பொது வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஏனாமும் மாஹேயும் 1954 நடுவிலேயே பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போய்விட்டன. மிச்சம் புதுச்சேரியும் காரைக்காலும். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. அதனால்தான் நாடெல்லாம் கொடியேற்றி முடித்த மறுநாளும் கீழூரில் எங்களுக்குக் கொடியேற்றம்.

எட்டுப் பேர் தோற்றார்கள். ஆனால் அவர்கள் சொன்னதும் எண்ணப்பட்டது. இன்றைக்கும் பாடம் நடத்துகிற யாரும் "170க்கு 8" என்றுதான் சொல்ல வேண்டும், வெறும் 170 என்று சொன்னால் பாடம் தப்பு. இந்த எட்டைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் என் பேத்தியும் அவளுடைய கைபேசியும்.

கல்லூரியில் படிக்கிறாள். ஊர் உலகத்து விஷயமெல்லாம் ரெட்டிட்டில்தான் பேசிக்கொள்கிறார்கள் அவளும் அவள் சிநேகிதிகளும். 2005இல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி நண்பர்கள், ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன், தொடங்கிய தளம். யாரும் எதையும் எழுதலாம். எழுதியதன் பக்கத்தில் மேலே பார்க்கும் ஓர் அம்பு, கீழே பார்க்கும் ஓர் அம்பு. படிப்பவர்கள் எதையாவது அழுத்துகிறார்கள். மேலம்பு அதிகம் விழுந்தது மேலே ஏறி எல்லோர் கண்ணிலும் படுகிறது. கீழம்பு விழுந்தது இறங்கிக்கொண்டே போய், ஓர் அளவுக்குமேல் மடித்து மறைக்கப்படுகிறது. ஆசிரியர் யாரும் கிடையாது, படிப்பவர்கள் விரல்தான் ஆசிரியர்.

கொஞ்ச நாள் முன்பு பேத்தி ஓர் உரையாடலைக் காட்டினாள். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார், பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஏன் வெறும் பாறையாகக் கிடக்கிறது, மணல் எங்கே என்று. முதலிடத்தில் நின்ற பதில், "மணலைத்தான் எம்எல்ஏ வீட்டுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க". நானும் சிரித்தேன். அதற்குக் கீழே இன்னும் நாலைந்து நக்கல். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்து வைத்த இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தைப் பார்த்தால் வைத்திக்குப்பம் பக்கத்து ஆள் மாதிரி தெரிந்தது. "தொறமுகம் கட்டுன பொறகுதான் மணலு போச்சி. அதுக்கு முன்ன நாங்க கட்டுமரத்த மணல்லதான் இழுத்து வெப்போம். டூரிஸ்ட் பாறையில எறங்கி சாவாதீங்க."

மடிந்து கிடந்த அந்த மூன்று வரியில்தான் கேள்விக்கு விடை இருந்தது. எங்கள் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அவற்றின் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே நகரத்தின் முன்னால் கடல் அரித்துக்கொண்டே வந்தது, கரையைக் காப்பாற்றப் பாறை கொட்ட வேண்டியதாயிற்று. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மீனவர் மூன்றே வரியில் இதன் சாரத்தைச் சொல்லிவிட்டார், உயிர் காக்கும் எச்சரிக்கையையும் சேர்த்து. அதற்கு ஏன் கீழம்பு?

"டூரிஸ்டை பயமுறுத்துறாருன்னு நினைச்சிருப்பாங்க பாட்டி. ஓட்டல்காரங்களுக்குப் புடிக்காதில்ல?" என்றாள். பிடிக்காது, சரிதான். ஆனால் அம்பு கேட்ட கேள்வி, உனக்கு இது பிடித்திருக்கிறதா என்பதா?

இங்கேதான் கீழூருக்கும் கைபேசிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்கு என்று நாம் ஒரே பெயரால் சொல்வது இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. கீழூரில் கேட்டது விருப்பம். இந்தியாவா, பிரான்சா? அதில் 'வேண்டாம்' என்பது முழு மரியாதை உள்ள விடை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கைபேசி அம்பு கேட்பது வேறு. இதை அடுத்து வருகிறவர் படிக்கலாமா, அவர் நேரத்துக்கு இது தகுமா? பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை மாதிரி. பையன் ராபர்ட் கிளைவைப் புகழ்ந்து எழுதியிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துய்ப்ளேக்ஸ் ஊரில் உட்கார்ந்து கிளைவா! ஆனாலும் ஆண்டும் காரணமும் சரியாக எழுதியிருந்தால் மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடித்த கட்சியைப் புகழ்ந்து தப்பும் தவறுமாக எழுதியவனுக்கு முட்டைதான்.

ரெட்டிட்டின் நன்னடத்தைக் குறிப்பே இதைத்தான் சொல்கிறது. உரையாடலுக்கு உதவாததற்கும் சம்பந்தமில்லாததற்கும்தான் கீழம்பு, கருத்து ஒத்துவரவில்லை என்பதற்காக அழுத்தாதீர்கள் என்று. படித்தவர்களைவிட அழுத்தியவர்கள் அதிகம் போலிருக்கிறது. விளைவு என்ன? கீழூரில் எட்டுப் பேர் தோற்றும் கணக்கில் இருந்தார்கள். இங்கே எட்டுப் பேர் கருத்துக்கு மற்றவர்கள் கீழம்பு அழுத்தினால் அந்தக் கருத்தே கண்ணிலிருந்து போய்விடுகிறது. அடுத்து வருகிறவர், இந்த ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போவார்.

நக்கல் ஏன் மேலே ஏறுகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு வரி ஜோக்கைப் படித்துச் சிரித்து விரலை வைக்க மூன்று விநாடி. துறைமுகம், அலைத்தடுப்பு, மணல் நகர்வு என்று ஒருவர் விளக்கினால் படிக்க மூன்று நிமிடம், அது சரியா என்று யோசிக்க இன்னும் கொஞ்சம். அதற்குள் ஜோக்கு நூறு வாக்கு வாங்கிவிடும். ஆகவே என் கட்சி இது. சிரிப்புக்கு விரலை மிச்சம் பிடியுங்கள், விளக்கத்துக்கு வையுங்கள். சிரித்ததற்கு யாரும் வரி கேட்கப் போவதில்லை.

கேட்காத கேள்விக்கு விடை சொல்வதில் நம் நாடு ஒரு சாதனையே வைத்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் 'சடக் 2' என்ற இந்திப் படத்தின் முன்னோட்டம் யூடியூபில் வந்தது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்து இரண்டே மாதம். சினிமா வாரிசுகள் மீது ஊரே கொதித்துக் கிடந்தது. முன்னோட்டத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் டிஸ்லைக். அத்தனை பேரில் எத்தனை பேர் அந்த மூன்று நிமிடத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள்? கோபம் நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் அந்தப் பொத்தான் சொன்ன எண்ணை வைத்துப் படம் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. அளவுகோல் உடைந்துபோனது.

பலர் சொல்லிவைத்து ஒருவர்மீது டிஸ்லைக் கொட்டுவது பெருகியதால், 2021 நவம்பரில் யூடியூப் அந்த எண்ணிக்கையை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. சிறிய ஆட்களைப் பாதுகாக்க என்றார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மிக்ஸி ரிப்பேர் பார்ப்பது எப்படி என்று ஒரு காணொளி, அதில் ஒயரை மாற்றிக் கொடுக்கச் சொல்கிறான் என்று வையுங்கள். டிஸ்லைக் எண்ணைப் பார்த்து முன்பெல்லாம் தப்பித்துக்கொள்ளலாம், இப்போது ஷாக் அடித்த பிறகுதான் தெரியும். கும்பலின் தவறான விரலுக்காகத் தேவையான விரலையும் கட்டிப்போட்டாயிற்று.

கும்பல் என்றதும் என் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. கீழூர் பாடத்தை முடித்துவிட்டுப் பிள்ளைகளை வாக்களிக்கச் சொல்வேன். சுற்றுலாவுக்கு எங்கே போகலாம், செஞ்சிக்கோட்டையா, மெரினாவா? முதலில் கண் திறந்தபடி கை தூக்கச் சொல்வேன். வகுப்பில் பெரிய மனுஷன் மாதிரி ஒருவன் இருப்பான், அவன் கை எழும்பியதும் இருபது கை எழும்பும். பிறகு எல்லோரும் மேசையில் தலை கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். செஞ்சிக்கு ஆள் கூடிவிடும். அதே பிள்ளைகள்தான், அதே கேள்விதான்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் மூவரும் 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு செய்தித் தளத்தில் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய சிலவற்றுக்கு, எழுதியவுடனே ஒரே ஒரு மேல்வாக்கைப் போட்டுவிட்டார்கள். கருத்து நல்லதா என்று பார்க்கவே இல்லை. கடைசியில் கணக்குப் பார்த்தால், அந்த ஒற்றை வாக்கு விழுந்த கருத்துகள் மற்றவற்றைவிடச் சராசரியாக 25 விழுக்காடு அதிக மதிப்பு வாங்கியிருந்தன. பொய்யாகக் கீழ்வாக்கு போட்டுப் பார்த்ததில் அந்த அளவு கெடுதல் இல்லை. அநியாயம் என்று பட்டதோ என்னவோ, மற்றவர்கள் வந்து மேல்வாக்குப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். மனிதர்களைப் பற்றி இது ஓர் ஆறுதலான செய்தி. ஆனால் பொய்ப் பாராட்டை மட்டும் யாரும் சரிக்கட்டவில்லை.

கூட்டத்தின் முடிவை எப்போது நம்பலாம் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் கோந்தோர்சே 1785இலேயே கணக்குப் போட்டுவிட்டார். ஒவ்வொருவரும் பாதிக்குமேல் சரியாக நினைக்கக்கூடியவராக இருந்து, ஒவ்வொருவரும் தானாக முடிவெடுத்தால், ஆள் கூடக் கூடப் பெரும்பான்மை முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். இந்த 'தானாக' போய்விட்டால் ஆயிரம் பேர் வாக்கும் ஒருவர் வாக்குதான். கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஆளுக்கு ஆள் பாதிக்குமேல் தப்பாக நினைக்கிற விஷயமானால், கூட்டம் பெருகப் பெருக முடிவு தப்பாவது உறுதியாகும். நெஞ்சுவலிக்கு எந்த மருந்து என்று நூறு பேரிடம் கேட்காமல் டாக்டரிடம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு படியுங்கள். ரெட்டிட்டில் சில குழுக்கள் புதிய கருத்துகளின் வாக்கு எண்ணிக்கையைக் கொஞ்ச நேரம் மறைத்தே வைக்கின்றன, என் வகுப்பில் தலை கவிழ்த்த மாதிரி. 2009 முதல் கருத்துகளை வரிசைப்படுத்த அவர்கள் இன்னொரு உபாயமும் வைத்திருக்கிறார்கள். ஒருவன் இரண்டு கேள்வி எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கினான், இன்னொருவன் நூறு கேள்வி எழுதி தொண்ணூறு வாங்கினான். விழுக்காடு பார்த்தால் முதல் பையன்தான் முதல் ரேங்க். எந்த வாத்தியாராவது ஒப்புக்கொள்வாரா? எட்வின் வில்சன் என்பவர் 1927இல் சொன்ன புள்ளியியல் சூத்திரத்தை வைத்து, வாக்கு குறைவாக உள்ளதை அவசரப்பட்டு நம்பாமல் தொண்ணூறு வாங்கியவனை மேலே வைக்கிறார்கள். கணிதம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. விரல்தான் பாக்கி.

வாக்கு என்று எழுத உட்கார்ந்தால் உத்திரமேரூர்க் குடவோலையை இழுக்காமல் விடமாட்டாயே என்பார்கள் என் பழைய சக ஆசிரியர்கள். விட்டுவிடுகிறேன். அது குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்த குலுக்கல், இந்தக் கட்டுரைக்கு ஆகாது. அதைவிட எங்கள் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு பிரெஞ்சிந்தியாவிலிருந்து ஓர் உறுப்பினரை அனுப்புவார்கள். 1914 தேர்தலில் போல் ரிஷாருக்கு ஆதரவாக நின்றார்கள் பாரதியாரும் அரவிந்தரும். எதிரே போல் புளுய்சன், ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர். புளுய்சன்தான் வென்றார். எப்படி என்று அரவிந்தர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சீட்டில் ரிஷார் என்று அச்சாகியிருந்த இடத்திலெல்லாம் புளுய்சன் என்று வாசித்துவிட்டார்களாம். அந்தக் காலத்துப் புதுச்சேரித் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் சாதாரணம். இன்றைக்குக் காசு கொடுத்தால் ஆயிரம் லைக் வாங்கலாம், போலிக் கணக்குகளின் படையே இருக்கிறது. கடற்கரையோரம் புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திரம் விழுந்து, எல்லாம் "சூப்பர் ஆம்பியன்ஸ்" என்றே இருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. மூன்று நட்சத்திரம் போட்டு, மீன் குழம்பு நன்றாக இருந்தது, மின்விசிறி ஓடவில்லை என்று எழுதியவரைத்தான் நம்புவேன்.

அப்படியானால் கீழம்பு அழுத்தவே கூடாதா? அழுத்த வேண்டும், தயங்காமல். மழைக்காலத்தில் சுனாமி வருகிறது என்று புரளி கிளப்புகிறவனுக்கு, டெங்குவுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம், பப்பாளி இலைச்சாறே போதும் என்கிறவனுக்கு, ஒரு பெண் கேள்வி கேட்டால் அவள் ஜாதியையும் உடையையும் இழுக்கிறவனுக்கு. இவற்றைப் பார்த்தும் பேசாமல் நகர்ந்து போகிற நல்லவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. வம்பு எதற்கு என்று விடுவதால்தான் வம்பு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் 2008இலிருந்து நடக்கிறது. அங்கே ஒருவர் பதிலுக்கு மேல்வாக்கு விழுந்தால் அவருக்குப் பத்துப் புள்ளி. கீழ்வாக்கு விழுந்தால் இரண்டு புள்ளி போய்விடும். கீழ்வாக்குப் போட்டவருக்கும் தன் கணக்கிலிருந்து ஒரு புள்ளி குறையும். கைக்காசு ஒரு ரூபாயைக் கொடுத்துத்தான் இன்னொருவரைக் குறை சொல்ல முடியும் என்றால் எத்தனை விரல் தானாக மடங்கும்! எங்கள் தெருக் குழுவில் இதைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். செயலாளர் சிரித்தார்.

எங்கள் தெரு முத்தியால்பேட்டையில். வாட்ஸப் குழுவில் பெரும்பாலும் தண்ணீர், குப்பை, நாய்தான் பேச்சு. 2022 மே மாதம் வாட்ஸப்பில் செய்திக்கு முகக்குறி போடும் வசதி வந்தபோது ஆறு குறிகள்தான் கொடுத்தார்கள். கட்டைவிரல் மேலே உண்டு, கீழே இல்லை. அழுகை உண்டு, கும்பிடு உண்டு, மறுப்பு மட்டும் இல்லை. சில வாரத்தில் எல்லாக் குறிகளும் வந்துவிட்டன. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதற்குக் கீழ்நோக்கிய விரலைப் போட யாருக்கு மனசு வரும்? பெயரோடு தெரியுமே. அதனால் எங்கள் தெருவில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். வெளியே வந்து முணுமுணுப்பார்கள்.

மார்க்கெட் போகும் மினி லாரிகளின் வேகத்தைக் குறைக்கத் தெருமுனையில் வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோதும் ஒரே கட்டைவிரல் மயம். சீட்டு எழுதிப் போடலாம் என்றேன். "எதுக்கு டீச்சர், எல்லாரும் ஓகேன்னுட்டாங்களே?" என்றார் செயலாளர். இருந்தாலும் மளிகைக் கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். வேண்டும் அல்லது வேண்டாம், வேண்டாம் என்றால் ஒரு வரியில் ஏன் என்று எழுத வேண்டும், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். வேண்டும் என்பதே அதிகம். வேண்டாம் என்றவற்றில் பாதியில் காரணமே இல்லை, ஒன்றில் செயலாளரைத் திட்டி ஒரு வரி இருந்தது, அதை அவரே சத்தமாகப் படித்தார். இன்னொன்றில் பென்சிலால் எழுதியிருந்தது, "லாரி ஏறி எறங்குற சத்தத்துல ராத்திரி கைக்குழந்த எழுந்துக்கும், எங்க சுவர் ஒட்டி வருது." அதைப் படித்த பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. வேகத்தடையை முனையிலிருந்து தள்ளி, பூட்டிக் கிடக்கும் பழைய நெல் கிடங்குக்கு முன்னால் கேட்பது என்று மனுவைத் திருத்தி எழுதினோம்.